இரைச்சலுக்கு ஒரு கதவு

ஒருவனைப் பார்த்து "நீ ஒத்து ஊதுகிறவன்" என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் இல்லாமல், பெரிய மனிதர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவன் என்பது அதற்கு அர்த்தம். இந்த வசை எந்தக் காலத்தில் புறப்பட்டது என்று ஆராய்ச்சி செய்ய எனக்கு உத்தேசமில்லை. இதை முதலில் சொன்ன புண்ணியவான் ஒரு நாழிகை நேரமாவது ஒத்து ஊதிப் பார்த்திருக்க மாட்டார் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

ஒத்து, நாகஸ்வரத்தின் கூடப்பிறந்த வாத்தியம். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் மட்டும் கிடையாது. அடிப்பக்கத்தில் உள்ள துளைகளில் மெழுகை வைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அதிலிருந்து வருவது ஒரே ஒரு ஸ்வரம். சுவாமி புறப்பாடு தொடங்கியதிலிருந்து வாகனம் திரும்பி வந்து இறங்குகிற வரையில், அந்த ஒரு ஸ்வரம் அறுந்துபோகாமல் வந்துகொண்டேயிருக்க வேண்டும். மூக்கினால் மூச்சை உள்ளே இழுக்கும்போதே, கன்னத்தில் அடக்கி வைத்த காற்று சீவாளி வழியாக வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். மேளக்காரர் தோளை மாற்றிக்கொள்ளலாம். நாகஸ்வரக்காரர் தவிலுக்குத் தனி விட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் நின்றால் எல்லாமே நின்றுவிட்டது போல் ஆகிவிடும்.

இருந்தும் அவர் பெயர் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகியதில்லை. திருவிழா நோட்டீஸில் நாகஸ்வர வித்வானுடைய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்; தவில் வித்வானுடைய பெயர் அதற்கு அடுத்த அளவில் இருக்கும்; ஒத்து என்று ஒரு சொல்லே இராது.

தாமிரவருணிக் கரையில் நாகஸ்வரம் என்றால் காருகுறிச்சியைச் சொல்லாமல் தீராது. சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. மண்பானைக்கும் பேர்போனது. 1921-இல் பிறந்த அருணாசலம் அந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனார். 1964-இல், இன்னும் எத்தனையோ வருஷம் வாசித்திருக்க வேண்டிய வயதில், காலமாகிவிட்டார். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் கைகோத்துப் போவதைக் கேட்காத தமிழர் அபூர்வம். வெட்டவெளிக்காகப் பிறந்த வாத்தியத்தையும் பெண் குரலையும் ஒரே மைக்குக்கு முன்னால் நிறுத்த முடியாது. தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை வித்வானுடைய மூச்சு தீர்மானிக்கிற காலம் போய், ஒரு குமிழைத் திருகுகிற கை தீர்மானிக்கிற காலம் அப்போதே வந்துவிட்டது.

காருகுறிச்சியின் குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1956-இல் மறைந்த அந்த மகாவித்வான் நாகஸ்வரத்தையே நீளமாக்கிச் சுருதியைத் தணித்தவர். ஒத்தை ஒதுக்கிவிட்டுத் தம்பூராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டவரும் அவரே. அதற்குப் பிறகு சுருதிப் பெட்டி வந்தது. அதற்கும் பிறகு, 1970-களின் கடைசியில், பெங்களூரில் மின்சாரச் சுருதிப் பெட்டி செய்தார்கள். பித்தானை அழுத்தினால் போதும். அதற்கு வெற்றிலையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். மனுஷனுடைய மூச்சாக இருந்த சுருதி இப்படிப் படிப்படியாக ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மின்சாரம் என்று சொன்னதும் பாபநாசம் ஞாபகம் வருகிறது. பொதிகையிலிருந்து இறங்கி வரும் தாமிரவருணியை முதலில் வேலைக்கு அமர்த்தியவர்கள் ஹார்வி சகோதரர்கள். 1880-களில் அருவித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே அங்கே பஞ்சாலையை ஓட்டினார்கள். பிறகு பைக்காரா, மேட்டூர் என்று நீர்மின் நிலையங்களைக் கட்டிக்கொண்டு வந்த சென்னை ராஜதானி அரசாங்கம், 1944-இல் பாபநாசத்திலும் ஒன்றை இயக்கியது. அன்றிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு ஒத்து கேட்கத் தொடங்கியது.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்புகிறது. அந்தப் போக்குவரத்து ஒலிபெருக்கிக்குள் நுழைந்துவிட்டால் "ம்ம்ம்..." என்று ஒரு ரீங்காரமாக வெளிப்படும். மாவு மில் வாசலிலும் டிரான்ஸ்பார்மர் அடியிலும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த ரீங்காரத்துக்கு ஒரு சுருதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை என்று சொல்கிறோமே, அந்த ஸ்வரத்தை மந்திரத்துக்கும் கீழே கொண்டுபோய் வைத்தால் விநாடிக்கு 49 அதிர்வு. மின்சாரம் 50. அதாவது, இந்தியா முழுவதும் எல்லாக் கம்பங்களும் எல்லாக் கம்பிகளும் இரவும் பகலும் ஐந்து கட்டையில் நின்று ஒத்து ஊதிக்கொண்டிருக்கின்றன. சுருதி அரை ஸ்வரத்தில் மூன்றிலொரு பங்கு தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். செங்கோட்டையில் பிறந்து 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்த கிட்டப்பா, கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் மைக் இல்லாமல் பாடினாரே, அவருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்க நியாயமில்லை.

இந்த ஒத்தை வாயடைக்க ஒரு கருவி இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோவில் கொடையில். முதலில் வில்லுப்பாட்டு. அதற்குப் பிறகு மெல்லிசைக் கச்சேரி. இரண்டுக்கும் நடுவே மேடையில் கம்பிகளை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மின்சார கிட்டாருடன் ஓர் இளைஞன் வந்து நின்றான். அவன் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒலிபெருக்கி "ம்ம்ம்" என்று வாசிக்கத் தொடங்கிவிட்டது. பந்தல் முழுவதும் சீரியல் விளக்கு, மேடை ஓரத்தில் டியூப்லைட். எல்லாம் சேர்ந்து அவனுடைய கிட்டாருக்குள் புகுந்து பேசின. அவன் காலடியில் இருந்த ஒரு சிறு பெட்டியை அழுத்தினான். ரீங்காரம் கத்தியால் அறுத்தாற்போல் நின்றது. அம்மனுக்கு முன்னால் எரிகிற எண்ணெய் விளக்கின் சடசடப்பு கூடக் கேட்டது.

பக்கத்தில் போய், "தம்பி, இது என்ன மாயம்?" என்றேன்.

"மாயம்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இதுக்குப் பேரு நாய்ஸ் கேட்" என்றான்.

நாய் என்று மட்டுமே என் காதில் விழுந்தது. விளக்கம் கேட்ட பிறகு அதுவும் பொருத்தமாகவே தோன்றியது.

"கேட்டுன்னா கதவுதான் அண்ணாச்சி. நான் வாசிச்சா தொறக்கு, நிறுத்துனா சாத்திக்கிடுது. யாரும் போய்த் தொறக்க வேண்டாம், சத்தமே தொறந்துக்கிடும்."

விஷயம் அவ்வளவுதான். கதவு என்றால் நிலைப்படி உண்டு. இன்ன உயரம் என்று படியைக் குமிழைத் திருகி வைத்துவிட வேண்டியது. படியைத் தாண்டுகிற சத்தம் உள்ளே போகலாம். தாண்ட முடியாத சத்தம் வாசலிலேயே நிற்க வேண்டும். ரீங்காரம் குள்ளம், கம்பியைத் தட்டினால் எழுகிற நாதம் நெட்டை. ஆகவே குள்ளனைத் தடுத்து நெட்டையனை விடுகிற உயரத்தில் படி இருந்தால் வேலை முடிந்தது. அந்த உயரத்தைக் கண்டுபிடிக்கக் கையைக் கம்பிகளின் மேல் வைத்து அடக்கிக்கொண்டு, கிட்டாரின் ஒலியை முழுவதும் வைத்து, ரீங்காரம் அறுகிற வரையில் குமிழைத் திருகுகிறார்கள். அறுந்ததும் இன்னும் மயிரிழை கூட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். அதோடு விடக் கூடாதாம். தான் வாசிக்கப் போவதிலேயே மிக மெல்லிய ஸ்வரம் எதுவோ அதை வாசித்துப் பார்க்க வேண்டும். அது கதவைத் திறக்கவில்லை என்றால் படி உயர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தொல்லை நெட்டையனும் ஒரு நாள் குள்ளனாவதில் இருக்கிறது. தட்டிய கம்பியின் நாதம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ரீங்காரத்தின் உயரத்துக்கு இறங்கி வருகிறது. அப்போது கதவுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சாத்திவிடும். ஸ்வரத்தின் வால் அறுந்துவிடும். அதற்காகக் கதவு எவ்வளவு மெதுவாகச் சாத்த வேண்டும் என்பதற்கும் ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். வெட்டி வெட்டி வாசிக்கிறவன் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சாத்தச் சொல்வான். இழுத்து நிறுத்தி வாசிக்கிறவன் ஒரு விநாடி, அதற்கு மேலும் கேட்பான். திறக்கிற வேகமும் முக்கியம். சோம்பேறிக் கதவாக இருந்தால் ஸ்வரத்தின் தலை போய்விடும். ஸ்வரம் படியின் விளிம்பிலேயே தள்ளாடும்போது கதவு காற்றில் அடித்துக்கொள்வது போல் படபடக்கும். அதற்கு, திறக்க ஓர் உயரம், சாத்த அதைவிடத் தாழ்ந்த உயரம் என்று இரண்டு படி வைத்து விடுகிறார்கள்; ஒரு தடவை உள்ளே விட்ட விருந்தாளியைச் சட்டென்று வெளியே தள்ளாத மரியாதை. முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைக்கவும் வழி உண்டு. எனக்கு இந்தக் கடைசி ஏற்பாடுதான் மிகவும் பிடித்தது.

"ஒலியை உடைச்சுப் பெருசாக்குத பெட்டி இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. ரீங்காரத்தையும் அது பெருசாக்கிரும். அதனால கதவை அந்தப் பெட்டிக்கு அப்புறம் வைக்கணும். ஆனா காதை மட்டும் கிட்டார்ப் பக்கத்துல வச்சிரணும்" என்றான் பையன். அதாவது, பெருக்குவதற்கு முந்திய சுத்தமான நாதத்தைக் கேட்டு முடிவு செய்கிறது; பெருக்கிய பிறகு கதவைச் சாத்துகிறது. பெருக்கிய பிறகு குள்ளனும் நெட்டையனும் ஏறக்குறைய ஒரே உயரமாகிவிடுவார்களாம்; அப்போது கேட்டுப் பிரயோஜனமில்லை. சில நீதிபதிகளுக்கும் இந்த யோசனை உதவலாம்.

"முதல்ல வயரைப் பாருங்க, எர்த்தைப் பாருங்க, டியூப்லைட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கன்னுதான் எங்க வாத்தியார் சொல்லுவாரு. கதவு கடைசி" என்றும் சொன்னான். அவன் வாத்தியாருக்கு மனத்தில் ஒரு கும்பிடு போட்டேன். நிஜமாகவே இந்த ரீங்காரத்தை அதன் பிறப்பிடத்திலேயே கொன்ற மனிதர் ஒருவர் இருந்தார். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த ஸெத் லவர் என்கிற அமெரிக்கர். 1955-இல் அவர் கிட்டாரின் காந்தத்தடியில் ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் நேர்மாறாகப் பாய்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டது; கம்பியின் நாதம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. ஆனால் பழைய ஒற்றைச் சுருளின் துல்லியமான குரலுக்கு மயங்கியவர்கள் அதை விடவில்லை. அவர்களுக்கு ரீங்காரமும் கதவும் வேண்டியிருந்தன.

கதவு கிட்டார்க்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. பேசும் படம் வந்த புதிதிலேயே அது வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒலியையும் பிலிமின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடாகப் பதித்தார்கள். பிலிமில் தூசியும் கீறலும் விழுந்தால், யாரும் பேசாத இடத்தில் "கரகர" என்று சத்தம் வரும். 1930, 31-ஆம் வருஷங்களில், நம் 'காளிதாஸ்' வெளிவந்த சமயத்தில், ஹாலிவுட்டில் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். பேச்சு இல்லாதபோது ஒலிப்பாதையின் வெளிச்சத்தை ஒரு சிறு திரை மூடிக்கொள்ளும். பேச்சு தொடங்கியதும் விலகிவிடும். விலகச் சற்றுத் தாமதித்தால் வசனத்தின் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும். பையனுடைய பெட்டியில் இருக்கிற அதே நோய், அதே மருந்து. 1947 வாக்கில் ஸ்காட் என்ற இன்னோர் அமெரிக்கர் கிராமபோன் தட்டின் இரைச்சலை அடக்க ஒரு சாதனம் செய்தார். சங்கீதம் மெலிந்தால் அது தானாக ஒலியின் இரு ஓரங்களையும் சாத்திக்கொள்ளும், வலுத்தால் திறந்துகொள்ளும்.

பிற்பாடு வந்தவர்கள் இரைச்சலை விரட்டுவதற்கென்று செய்த கதவை அலங்காரத்துக்கே பயன்படுத்திக்கொண்டார்கள். 1977-இல் டேவிட் பௌவி என்ற ஆங்கிலப் பாடகர் பெர்லினில் பெரியதொரு மண்டபத்தில் பாடினார். பதிவு செய்த டோனி விஸ்கான்டி ஒரு மைக்கை வாயருகிலும், ஒன்றைச் சற்றுத் தள்ளியும், ஒன்றை மண்டபத்தின் கோடியிலும் வைத்து, தூரத்து மைக்குகளுக்குக் கதவு போட்டுவிட்டார். பாடகர் முணுமுணுத்தால் பக்கத்து மைக் மட்டும். குரலை உயர்த்தினால் அடுத்ததும் திறக்கும். அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் கோடியில் இருப்பது திறந்து மண்டபமே முழங்கும். இதைப் படித்தபோது எனக்கு நெல்லையப்பர் கோவில் மணி மண்டபத்து இசைத் தூண்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரே கல்லில் பெருந்தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகச் செதுக்கியிருக்கிறார்களே, அவற்றில் ஒன்றைத் தட்டிக் காதைப் பக்கத்துத் தூணில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

இனி, இந்தக் கதவு நம் வீட்டுக்குள் வந்த கதை.

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் பாட்டு வாத்தியார்களெல்லாம் ஜூம் வழியாகப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். வாத்தியார் தம்பூராவைப் போட்டுவிட்டுப் பாடுவார். அந்தப் பக்கம் சிஷ்யைக்குத் தம்பூரா கேட்காது. கேட்டாலும் சிறிது நேரத்தில் தேய்ந்து மறைந்துவிடும். பேசுகிறவர்களின் வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கொள்கை உண்டு. மாறிக்கொண்டிருப்பது பேச்சு, மாறாமல் இருப்பது இரைச்சல். மின்விசிறி மாறாது, குளிர்சாதனம் மாறாது, ஆகவே அவை போகட்டும். தம்பூராவும் மாறுவதில்லையே! அதுவும் போயிற்று. உள்ளது உள்ளபடி கேட்கட்டும் என்று ஒரு பித்தான் அதிலேயே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் வாத்தியார்களுக்கு மூச்சு வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. சேரன்மாதேவிப் பக்கத்தில் வயதான ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் ஒத்து ஊதினவர். 1960-களின் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் அவர்கள் மேளம் வாசித்ததை, ஸ்பூல் டேப்பில் யாரோ பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த டேப் பல கை மாறி இவரிடம் வந்து சேர்ந்தது. தகப்பனாருக்குப் புகைப்படம்கூட இல்லை. பேரன் அதை வெளியூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்து, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்து வாங்கி வந்தான். பணமும் கொஞ்சமில்லை. வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினான். நானும் இருந்தேன். நாகஸ்வரம் நேற்று வாசித்தாற்போல் பளிச்சென்று இருந்தது. கிழவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கால்மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"எல்லாரும் இருக்காக. எங்க அய்யாவைக் காணுமேடா?" என்றார்.

நடந்தது இதுதான். இப்போதைய கணிப்பொறி முறையில் கதவு ஒன்றல்ல. ஒலியின் ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்றாக நூற்றுக்கணக்கான சிறு கதவுகள். எது இரைச்சல் என்று அதற்கு முதலில் ஒரு மாதிரி காட்ட வேண்டும். வாசிப்புத் தொடங்குவதற்கு முந்திய சில விநாடிகளைக் காட்டி, "இதுதான் இரைச்சல், தெரிந்துகொள்" என்று சொல்வது வழக்கம். மேளத்தில் வாசிப்புத் தொடங்குவதற்கு முன்னால் என்ன இருக்கும்? ஒத்து இருக்கும்! முதலில் ஊதத் தொடங்குகிறவரே ஒத்துக்காரர்தானே? டேப்பின் கரகரப்பு, மின்சாரத்தின் ரீங்காரம், கிழவருடைய தகப்பனார் மூன்றையும் சேர்த்து இரைச்சல் என்று படித்துக்கொண்ட யந்திரம், மூன்றையும் விசுவாசமாகத் துடைத்துவிட்டது. நாகஸ்வரம் ஷட்ஜத்தில் வந்து நிற்கும் போதெல்லாம் அதுவும் சற்று மெலிந்து போயிருந்தது.

பேரனுக்கு முகம் சுண்டிவிட்டது. சுத்தம் செய்த கூடத்தார் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்று ஒருவர் இருந்தார் என்பதே அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அது மேடையில் அபூர்வமாகிவிட்டதே!

நல்ல வேளையாக, அசல் டேப் பத்திரமாக இருந்தது. கொடையில் பார்த்த கிட்டார்ப் பையனை எனக்கு ஞாபகம் இருந்தது. தேடிப் பிடித்து அழைத்துவந்தேன். அவன் மடிக்கணினியை விரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டேப்பில் இருந்ததைக் கணினிக்குள் ஏற்றி, மின்சாரம் நிற்கிற 50, அதன் மடங்குகளான 100, 150 ஆகிய இடங்களில் மட்டும் ஊசி முனையளவு பள்ளம் வெட்டினான். ஒத்து இரண்டரைக் கட்டை, மின்சாரம் ஐந்து கட்டை. இருவரும் வேறு வேறு திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் ஒருவர் மேல் படாமல் மற்றவரை எழுப்ப முடிந்தது. கரகரப்பைப் போக்குவதற்கு, வாசிப்பு முடிந்த பிறகு டேப் வெறுமனே ஓடுகிற இடத்தை மாதிரியாகக் காட்டினான். அதிலும் கதவை முழுக்கச் சாத்தவில்லை, ஒருக்களித்தே வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் சுத்தமாக்கலாம் அண்ணாச்சி. ஆனா தவில்ல தட்டுன பொறகு ஒரு கார்வை நிக்குல்லா, அது போயிரும்" என்றான்.

"இருக்கட்டும்" என்றார் கிழவர்.

கரகரப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. பந்தலில் ஒரு குழந்தை அழுதது. யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், கோடு கிழித்தாற்போல், ஒத்து போய்க்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து நாகஸ்வரம் ஓய்ந்த ஓர் இடத்தில் அது மட்டும் தனியாகக் கேட்டது. கிழவர் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். சுருதி அணுவளவு இறங்கி, உடனே மேலே ஏறி நிலைத்தது.

"இந்தா, இந்த எடத்துல மூச்சு வாங்குதாரு" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "அதைத் திருப்பிப் போடு" என்றார்.